சொந்தக் கடைக்கு வெளியே

சனிக்கிழமை காலையில் டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில் ஒரு சின்னக் கடைக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு, இறங்காமல் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அது நான்தான். அந்தக் கட்டடம் என்னுடையது. நானும் என் மனைவி சுதாவும் இரண்டு சம்பளத்தைப் போட்டு வாங்கி வாடகைக்கு விட்டது. ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்கள், அமெரிக்காவிலேயே கடைக்கு ஓனர் ஆகிவிட்டானே என்று பூரித்துப் போகிறார்கள். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போக எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கடையை எடுத்திருப்பவள் கலைவாணி. திருப்பூர்ப் பெண், துணி ஆல்ட்டர் செய்து கொடுக்கிறாள். அவளுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை, வேலை விசாவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். என்னை வைத்திருக்கும் கம்பெனியைத் தவிர வேறெங்கும் நான் வேலை செய்யக்கூடாது. கட்டடம் வாங்கலாம், வாடகையும் வாங்கலாம். இதெல்லாம் தெரிந்தேதான் இறங்கினேன்.

பொள்ளாச்சியில் அப்பாவும் கடைகளை வாடகைக்கு விட்டிருந்தார். முத்திரைத்தாளில் பதினோரு மாத அக்ரிமெண்ட், ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சுவது, அவ்வளவுதான் சட்டம். வளையல் கடைக்காரர் சாப்பிடப் போனால் அப்பா கல்லாவில் போய் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களுக்கு வளையல் எடுத்துக் காட்டுவார், பேரம்கூடப் பேசுவார். அதை வேலை என்று யாராவது சொல்லியிருந்தால் வீடே சிரித்திருக்கும். இங்கே குத்தகைப் பத்திரமே தலையணை கனம். என்ன தொழில் நடத்தலாம், வீல்சேர் வர சரிவுப்பாதை இருக்கிறதா, எத்தனை வண்டி நிற்கலாம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டோம். புதிதாக ஒருவர் குடிவந்தால் கட்டடத்தைப் பயன்படுத்த சிட்டி நிர்வாகத்திடம் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதை மட்டும் கோட்டை விட்டுவிட்டேன். முன்பு இருந்தவர் வாங்கியது போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம், கதவு சரியாகச் சாத்த வரவில்லை என்று கலைவாணி சொன்னதால் பார்க்கப் போயிருந்தேன். அப்போது அவள் பையனுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தது. கடையைப் பூட்டலாமென்றால், ஆல்ட்டருக்குக் கொடுத்த பேண்டை வாங்க ஒரு அம்மா கிளம்பி வந்துகொண்டிருந்தாள். கலைவாணி கையைப் பிசைந்தாள்.

"நீ போய்ப் பையனக் கூட்டிட்டு வா கலை. நான் இருக்கேன்," என்றேன்.

"சிரமங்ளாண்ணா?"

"இதுல என்ன சிரமம்?"

அந்த அம்மா வந்தாள். பேண்டைக் கொடுத்தேன், பணத்தை வாங்கினேன். அவள் வெளியே போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சட்டையில் சிட்டி பேட்ஜ். நான் இங்கே வேலை செய்கிறேனா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த அம்மா கொடுத்த டாலர் நோட்டு இன்னும் என் கையில் இருந்தது.

"நோ நோ, ஐ ஆம் த ஓனர்," என்றேன்.

அப்படியென்றால் இது உங்கள் பிசினஸ் என்றார். இல்லை, பிசினஸ் அந்தப் பெண்ணுடையது, சம்பளம் எதுவும் இல்லை, அவள் எனக்குத் தங்கை மாதிரி என்று உளறினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆ, ஃபேமிலி பிசினஸ்!"

அடக் கடவுளே, வாயைத் திறக்கத் திறக்கக் குழியல்லவா ஆழமாகிறது! அவர் வந்தது சான்றிதழ் விஷயமாகத்தான். அதற்கு அவகாசம் கொடுத்தார், என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போய்விட்டார். நான் கலைவாணியின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வீடு, சுதாவின் வேலை அனுமதி எல்லாம் என் விசாவில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பேண்டை எடுத்துக் கொடுத்து அத்தனையையும் தொலைத்துவிட்டேனோ?

வக்கீலிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டிக்காரர் வந்தது வேறு விஷயம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் சம்பளம் வாங்காவிட்டாலும் கல்லாவில் நிற்பதை வேலை என்று சொல்ல இடமிருக்கிறது, இனி கடை வேலை எதிலும் கை வைக்காதீர்கள் என்றார். அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை. சான்றிதழ் வந்துவிட்டது. ரிப்பேருக்கு ஒரு ஏஜென்சியை வைத்துவிட்டோம். என் பயத்துக்குத்தான் மருந்து கிடைக்கவில்லை. தபால்பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் அரசாங்கக் கவர் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

போன வாரம் மகள் மித்ராவும் காரில் இருந்தாள். சரியான காற்று. கடை வாசலில் வைத்திருந்த போர்டு சாய்ந்து நடைபாதையில் விழுந்தது. உள்ளே கலைவாணி யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வழியாக ஒரு பெரியவர் தடியூன்றி வந்துகொண்டிருந்தார். நான் கதவுக் கைப்பிடியில் கை வைத்தேன். போர்டை எடுத்து வைப்பது வேலையா, உதவியா என்று யோசித்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். இதற்குள் மித்ரா இறங்கி ஓடிவிட்டாள். போர்டை நிமிர்த்தினாள், பெரியவருக்கு வழிவிட்டாள், கண்ணாடி வழியாகக் கலைவாணிக்குக் கையாட்டினாள். எதற்காகவும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பிறந்தது இந்த ஊரில், அவளுக்கு விசா வேண்டாம்.

திரும்பி வந்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, இட்ஸ் அவர் பில்டிங், ரைட்?"

"ஆமா கண்ணு," என்றேன். என் கை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது.