வலிக்கு நான் சொன்ன எண்

சர்க்கரையில் புண்ணாகி, என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. எடுத்த காலை எங்கள் வழக்கப்படி வெள்ளைத் துணியில் சுற்றி, வீட்டுக்காரரும் அவர் தம்பியும் கபர்ஸ்தானில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். எனக்கு முன்னாலேயே என் கால் போய் இடம் பிடித்துக்கொண்டது. அது அங்கே மண்ணுக்குள் கிடக்க, இங்கே நெல்லித்தோப்பு வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் அதே காலின் சுண்டுவிரல் வலிக்கிறது. சும்மா வலி இல்லை, கதவிடுக்கில் வைத்து நசுக்குகிற வலி. இல்லாத விரல் எப்படி வலிக்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது? மண்டை கலங்கிவிட்டது என்பார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

அதனால்தான், கால் போனவர்களுக்கு வரும் இந்த வலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், நீங்கள் வருகிறீர்களா என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கேட்டதும் உடனே சரி என்றேன். இதற்கென்று ஓர் ஆராய்ச்சியே நடக்கிறது என்றால் நான் பைத்தியம் இல்லை என்றுதானே அர்த்தம்?

புதன்கிழமைதோறும் போவேன். இரண்டு காலுக்கும் நடுவே நீளமான கண்ணாடி ஒன்றை நிறுத்துவாள். இருக்கிற காலை ஆட்டினால், போன கால் திரும்பி வந்து ஆடுவதுபோலக் கண்ணாடியில் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை சமாதானமாகலாம், வலி குறையலாம், நிஜமாகவே குறைகிறதா என்று பார்க்கத்தான் இதெல்லாம் என்றாள். முதல் நாள் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சந்தோஷமா துக்கமா, இன்றுவரை தெரியவில்லை.

முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பாள். "இந்த வாரம் வலி எப்படிம்மா இருந்துச்சு? ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து."

இங்கேதான் சறுக்கினேன். எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் எங்கள் வீடுகளில் ஒரே பதில்தான்: அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே. காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தாலும் அதைத்தான் சொல்வோம். படைத்தவன் கொடுத்ததைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். வாய் அதைச் சொல்லி முடித்த கையோடு 'எட்டு' என்று எப்படிச் சொல்வது? முதல் வாரம் ஆறு என்றேன். அடுத்த வாரம் ஐந்து. எண் இறங்க இறங்க அந்தப் பெண்ணின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே. துணியில் கத்திரியே வைக்காமல், தைக்கக் கொடுத்தவர்களிடம் "ஹூக் வைக்கிறதுதான் பாக்கி" என்று இருபது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் வேறு. ஏழாவது வாரம் இரண்டுக்கு வந்துவிட்டேன்.

அதே கிழமையில் வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு மீனவரும் வருவார். படகு இழுக்கும்போது கயிற்றில் சிக்கி இடது கால் போனவர். கூடவே அவர் மனைவி. வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது அந்த அம்மா என்னிடம் வாராவாரம் விசாரிப்பாள். நானும் "கொறைஞ்சிருக்கு, அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். பெருமையாகக்கூடச் சொன்னேன், மறைப்பானேன்.

எட்டாவது வாரம் அவள் பொரிந்து தள்ளினாள். "இன்னாக்கா இது, உங்களுக்கு மட்டும் சரசரன்னு எறங்குது. இந்தாளுக்கு ஒம்பதுலயே நிக்குது. கண்ணாடிய ஒழுங்கா பாருய்யான்னு வாராவாரம் சண்ட. எங்க பாக்கறாரு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "பாத்துக்கினுதாங்க்கா இருக்கேன். எனக்குதான் மனசுல ஏதோ கோளாறு போல. இன்னியோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார்.

பைத்தியமோ என்று நான் பயந்த அதே பயம். அதை இந்த மனிதருக்குக் கொடுத்தது நான். உள்ளே போனேன். கண்ணாடி எடுக்கும் முன்பே "எட்டு" என்றேன்.

"போன வாரம் ரெண்டு சொன்னீங்களேம்மா. எங்கயாவது விழுந்துட்டீங்களா?"

"போன வாரமும் எட்டுதாம்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப எல்லா வாரமும் எட்டா?"

நடுவில் ஒரு வாரம் வலி நிஜமாகவே குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அது குறைந்ததா, குறைந்தது என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேனா? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. உங்கள் எண்களை ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டியதுதான் என்று மெதுவாகச் சொன்னாள். அளக்க வந்தவளிடம் வலியைச் சொல்வது படைத்தவனுக்குச் செய்யும் நன்றிகெட்டத்தனமா, சொல்லாமல் விட்டது பொய்யா? அதுவும் குழப்பம்தான். வெட்கத்தோடு வெளியே வந்தேன்.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி, எனக்கும் வலிக்குது. நான் சொன்னதெல்லாம் பொய்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "நெசமாவாக்கா? எங்க வலிக்குது?" என்றார்.

"சுண்டுவெரல்ல."

"எனக்குக் குதிகால்ல. ஆணி அடிச்ச மாதிரி" என்றார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று. அடுத்தவளுக்கும் வலிக்கிறது என்று கேட்டு ஒருவருக்கு எப்படிச் சிரிப்பு வரும் என்று பார்த்தால், எனக்கும் வந்தது.

அவர் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் முன்னால் தரையில் குந்தினாள். "ஒம்போது ஒம்போதுன்னியே தவிர எங்கன்னு எங்கிட்ட ஒரு வாட்டிகூட சொல்லலியேய்யா. எங்க, காட்டு."

அவர் பெஞ்சுக்குக் கீழே, குதிகால் இருந்திருக்க வேண்டிய இடத்தை நோக்கி விரலை நீட்டினார். அவளுடைய பை அங்கேதான் இருந்தது. அதை மெல்ல எடுத்துத் தள்ளி வைத்தாள்.