சிவப்பு பல்ப் வெளிச்சத்தில் நுவரெலியாவுக்கு

அக்கரப்பத்தனையிலிருந்து நுவரெலியாவுக்கு எவ்வளவு நேரமாகும் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். ஏறத்தாழ இருபத்தைந்து மைல். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலப் பிற்பகலில், தோட்டத்து லொறியில் எனக்கு இரண்டு மணி நேரமானது. இயற்கைக் காட்சிகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வழியெல்லாம் நான் பார்த்தது இரண்டு உதடுகளை மட்டும்.

அக்காவுக்கு ஏழாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை இரண்டு ராத்தல்கூட இருக்காது. அக்கா எழுந்திருக்க முடியாமல் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். மிட்வைஃப் ஸ்டெல்லா மிஸ்ஸி குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு லொறியின் முன்பக்கம் ஏறினார். தோட்டத்திலிருந்த ஒரே ஒட்சிசன் சிலிண்டர் அவர் காலடியில். தாய்மாமன் என்ற தகுதியில் நான் ஓரத்தில்.

"மாஸ்டர், ஒங்களுக்கு ஒரே வேலதான். ஒதட்டப் பாருங்க. நீலமானா கூட்டுறேன். நல்லா செவந்திருந்தா கொறைக்கணும். ஒட்சிசன் கூடிப்போனா கொறமாசப் புள்ளைக்குக் கண்ணு போயிரும்."

வெளிநாட்டில் தோலில் ஒட்டி ஒட்சிசனை அளக்கும் கருவி வந்துவிட்டதாகப் படித்திருந்தேன். எங்கள் லொறியில் அந்தக் கருவி நான்தான். சரித்திரம் படிப்பிக்கிறவன்.

குளிர் புகாதபடி ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டியிருந்தோம். உள்ளே வெளிச்சமென்று இருந்தது டிரைவர் ராஜமணி அண்ணனின் முருகன் படத்துக்கு மேலே எரிந்த சிவப்பு பல்ப்தான்.

"எப்படி இருக்கு?"

"சிவப்பு."

மிஸ்ஸி சிலிண்டரின் திருகைக் குறைத்தார். லிந்துலையைத் தாண்டியும் சிவப்பு. மறுபடி குறைத்தார்.

"மருமக கெட்டிக்காரி, மாஸ்டர். நம்ம லொறி ராசி அப்படி" என்றார் ராஜமணி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நானுஓயா ஏற்றத்தில் மிஸ்ஸி தன் சேலையையே உற்றுப் பார்த்தார்.

"மாஸ்டர், ஏஞ் சேல என்ன கலரு?"

"ரோஸ்."

"காலையில வெள்ளையா இருந்துச்சு." அவர் குரல் மாறிவிட்டது. "அண்ணே, லைட்ட அணைங்க!"

"சுவிட்சே வைக்கலீங்களே. சாமி வெளக்கு, எதுக்கு அணைக்கணும்னு..."

சொல்லிக்கொண்டே லொறியை நிறுத்தி, கொதிக்கிற பல்பை வெறும் விரலால் திருகி எடுத்தார். நான் கம்பளியைப் பிய்த்தேன். மூடுபனி வெளிச்சம் உள்ளே வந்தது. உதடுகள் சிலேட் நிறத்தில் இருந்தன.

மிஸ்ஸி திருகை முழுக்கத் திறந்து, குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். "இழுடி, ராசாத்தி. மூச்ச இழு." ராஜமணி வெந்த விரல்களை வாயில் வைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் கீழுதட்டின் நடுவில் ஒரு புள்ளி வெளுத்தது. பிறகு மெல்ல மாறியது.

"இப்ப?"

"சிவக்குது. இருங்க, மிஸ்ஸி... உங்க சேலை வெள்ளையாத்தான் இருக்கு. சிவக்குது."

மிச்ச வழி முழுக்க ஜன்னலில் கம்பளி இல்லை. குளிருக்கு என் கோட்டை அவர்கள் மேல் போர்த்தினேன். நுவரெலியா ஆஸ்பத்திரியிலும் அந்தக் கருவி இல்லை. நர்ஸ் குழந்தையை வாங்கியதும் நேராக ஜன்னலண்டை போனார்.

இந்த வழியில் போகிறவர்கள் ஒரு நல்ல டோர்ச் லைட்டும், வெள்ளையாக ஏதாவது ஒரு துணியும் கொண்டுபோங்கள். எல்லாம் நன்றாக இருப்பதாக யாராவது அறிவித்தால், அவர் எந்த பல்புக்குக் கீழே நிற்கிறார் என்று பாருங்கள்.

சில மாதம் கழித்து அதே லொறியில் மருமகளை அழைத்து வந்தோம். முருகனுக்கு இப்போது வெள்ளை பல்ப், சுவிட்சோடு. அக்கா மடியில் கிடந்தவள் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லொறி திரும்பியபோதெல்லாம் அவள் கண்ணும் பல்பின் பக்கம் திரும்பியது.

"சாமிதான் கொஞ்சம் வெளிறிட்டாரு, மாஸ்டர்" என்றார் ராஜமணி. "பரவால்ல. புள்ள பாக்குது."