தினமும் அதே சுடிதார்

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி நெருங்கிய நேரத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்தது இது. அப்போது நான் விலங்குகளின் நடத்தை பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வேப்பந்தட்டை. சொந்தக்காரர்கள் யாருக்கும் அப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. "மாட்டு டாக்டரா?" என்பார்கள். இல்லை, குரங்குகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது என்றால், "அதுக்கு எதுக்கு காலேஜு?" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், வேறென்ன செய்ய?

கடைசி ஆண்டு ஆய்வுக்காக ஜெயங்கொண்டத்தில் தோழி வீட்டில் தங்கி, தினமும் டவுன் பஸ் பிடித்து கங்கைகொண்ட சோழபுரம் போவேன். பஸ் நிற்கும் இடத்தை அடுத்த புளியமரங்களில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. எது எதற்குப் பேன் பார்க்கிறது, யாருடைய குட்டியை யார் தூக்கிக்கொள்கிறார்கள் என்று கவனித்து எழுதுவதுதான் வேலை. நம்மைக் கண்டு அவை மிரளாமல் இருக்க, தினமும் ஒரே நிறத் துணியில் போக வேண்டும் என்பது எங்கள் பேராசிரியையின் கட்டளை. மண் நிறத்தில் ஒரு சுடிதார் வைத்திருந்தேன். சாயங்காலம் துவைத்துப் போட்டு, காலையில் மறுபடியும் அதையே மாட்டிக்கொண்டு கிளம்புவேன்.

மரத்துக்கு எதிரே ஒரு அக்கா கொய்யாவும் வெள்ளரிக்காயும் விற்றுக்கொண்டிருந்தார். வெயில் ஏறினால் என்னைக் கூப்பிட்டுத் தன் குடை நிழலில் உட்காரவைப்பார். அவர் தூக்குவாளியில் கொண்டுவரும் சாதத்தில் எனக்கும் ஒரு பங்கு வரும். நல்ல மனசு என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒருநாள் நான் கிளம்பும்போது துணிக்கடைப் பை ஒன்றை நீட்டினார். உள்ளே பளிச்சென்று மாம்பழ மஞ்சளில் ஒரு புதுச் சுடிதார்.

"எம் பொண்ணுக்கு எடுக்கப் போனேன் பாப்பா, உனக்கும் ஒண்ணு எடுத்துட்டேன். படிக்கிற புள்ள, ஒத்தத் துணியவே தொவச்சுத் தொவச்சுப் போட்டுட்டு வர்ற. தப்பா நெனச்சுக்காத. நாளைக்குப் போட்டுட்டு வா, நான் பாக்கணும்."

முதலில் சிரிப்புதான் வந்தது. இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த வாரம்தான், புதிதாகக் குட்டி போட்ட ஒரு தாய்க்குரங்கு என் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. அது இல்லாவிட்டால் என் ஆய்வே அரைகுறைதான். மஞ்சள் துணியோடு போனால் அத்தனை நாள் பழக்கமும் வீணாகிவிடுமே என்று குழம்பித் தவித்தேன். கடைசியில் மஞ்சளையே போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். குரங்குகளோ என்னைக் கண்டதும் கத்திக்கொண்டு உச்சிக் கிளைக்கு ஏறிவிட்டன. தாய்க்குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இலைகளுக்குள் மறைந்தே போனது. வெறும் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து, என்ன ஆச்சு என்று கேட்டார் அக்கா. அழுகையை அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் குனிந்து தன் சேலையைப் பார்த்தார்.

"அப்ப நான் தெனம் ஒரு கலர்ல வந்து நிக்கிறேனே, அதுங்க மெரளாதா?"

உங்களைப் பார்த்து அவை எப்போதோ பழகிவிட்டன, நீங்கள் எதைக் கட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே!

மறுநாள் நான் பழைய சுடிதாரில் போனேன். அவர் முந்தின நாள் கட்டியிருந்த அதே நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அதே நீலம். தீபாவளி முடிந்த பிறகும், என் ஆய்வு முடியும்வரை, அதேதான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வேறு புடவையே இல்லையா என்று கிண்டல் செய்தால், "எங்க பாப்பா படிப்பு முடியட்டும், மாத்திக்கிறேன்" என்பார். தாய்க்குரங்கும் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது.

ஒரு விலங்கு இன்னொன்றுக்கு ஏன் உதவுகிறது என்று காரணம் தேடுவதுதான் நான் படித்த படிப்பு. சொந்தமுமில்லை பந்தமுமில்லை; எங்கிருந்தோ வந்த ஒருத்திக்காக ஊர் சிரிக்க ஒரே சேலையில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவை நினைத்தால் மட்டும், காரணம் தேடத் தோன்றுவதில்லை; கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.