கேட்டில் நின்ற நாலு வாளி விதை

மலாயாவில் எமர்ஜென்சி காலத்தில் நான் பகாவ் ஊர்ப் பக்கம் மண் பாதுகாப்பு உதவி நிலையத்தில், விதை அறையில் வேலை செய்தேன். ரப்பர் தோட்டங்களில் மலைச்சரிவை வெட்டிப் படி போட்டதும், மழையில் மண் கரையாமலிருக்க மூடுபயிர்க் கொடி விதைத்துக் கொடுப்போம்.

அன்று முதன்முறையாக என்னைத் தனியாக அனுப்பினார்கள். நல்ல பேர் வாங்கும் ஆசை. மலையடியில் செய்ய வேண்டியதை நிலையத்திலேயே செய்துவிட்டேன்: விதையைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, நாலு வாளியில் லாரியில் ஏற்றிவிட்டேன். ஊறிய விதையை அன்றே விதைக்காவிட்டால் அழுகிவிடும்.

தோட்டத்து முள்வேலி கேட்டில் பெண்களைச் சோதிக்கும் மாரியாயி அக்கா வாளியைத் திறந்தார்.

"என்னா தங்கச்சி, பயறு ஊறப்போட்டிருக்கே? காட்டுல யாருக்கு சுண்டல்?"

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசிகூட அந்தக் கேட்டைத் தாண்டாது. காய்ந்த விதையென்றால் சீட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். என் விதையோ பயறு மாதிரியே உப்பிக் கிடந்தது.

"விதைக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மக்கானன்! தாக் போலே!" என்றார் மலாய்க் காவலர்.

"சாப்பாடுங்கிறாரு, விடமுடியாதாம். விட்டா என்னையும் சேத்து உள்ள போடுவாங்க!" என்றார் அக்கா.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லாரியில் பாஸ்பேட் தூள் மூட்டை இருந்தது. விதைக்கும் நேரத்தில் விதையோடு கலக்கும் உரம் அது. மூட்டையை அவிழ்த்து வாளியில் கொட்டி, இரண்டு கையாலும் பிசைந்தேன். காற்றடித்துத் தூள் பறந்து என் மேலெல்லாம் அப்பியது. மூன்று பேரும் தும்மினோம்.

"இப்போ தின்னுங்கக்கா!" என்று கத்தினேன். எனக்குக் கத்த வருமென்று அன்றுதான் தெரிந்தது.

அக்கா ஒரு விதையை மோந்து பார்த்தார். "அட சீ! இத பன்னிகூட தின்னாது!" என்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலரும் தும்மலுக்கு நடுவே சிரித்து, "ஜாலான்! ஜாலான்!" என்று போகச் சொல்லிக் கையாட்டினார். மற்ற மூன்று வாளியையும் அங்கேயே கலந்தேன்.

மலையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, சந்தனக்காப்போட வர்றே?" என்றார். விதைக்க வந்த பெண்கள் வரிசைக்கு வரிசை அதையே சொல்லிச் சிரித்தார்கள். கடைசிப் படியை முடித்தபோது தூறல் விழுந்தது.

மறுநாள் நிலையத்து ஆபீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கத்துனியா? நீயா?" என்றார். "அப்ப இனிமே கேட் இருக்கிற தோட்டத்துக்கெல்லாம் நீயே போ."

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வேலையைச் சீக்கிரம் முடித்துக் காட்டுமுன், சாமான் எந்தக் கேட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள்.