ஐம்பது சதவிகித மீனாக்கா

போன ஞாயிற்றுக்கிழமை கொல்கத்தா நியூ டவுனில் ஒரு லிஃப்ட் என் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

லிஃப்ட் மூடிக்கொள்வது பெரிய விஷயமா? இல்லைதான். ஆனால் உள்ளே நின்றவர் மீனாக்கா. நான் ஓடி வருவதைப் பார்த்தார். பட்டனை அழுத்தினார் – கதவைத் திறக்கும் பட்டனை அல்ல.

மீனாக்கா மதுரைக்காரர். கணவர் சுந்தரம் சார் வங்கி அதிகாரி. மாற்றலாகி இங்கே வந்தவர்கள். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாக எந்தத் தமிழ்க் குடும்பம் வந்தாலும், லாரியிலிருந்து ஃப்ரிட்ஜ் இறங்குவதற்கு முன்னால் மீனாக்கா கீழே இறங்கிவிடுவார். எந்த மாஷி பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்ப்பார் – வேலைக்கு வரும் பெண்களை இங்கே மாஷி என்றுதான் கூப்பிடுகிறோம், சித்தி மாதிரி – எந்த டாக்டர் ஊசி போட்டால் குழந்தை அழாது, தோசை மாவு யாரிடம் வாங்குவது, ஸ்கூல் வேனுக்கு யாரைப் பிடிப்பது... எல்லாம் அவர் வாயிலிருந்து வரும்.

அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது என் கோர்ஸ்.

ஆமாம், என் முதல் டிஜிட்டல் சரக்கு. 'பக்கத்து வீட்டு வங்காளம்' என்று பெயர். கொஞ்சம் ஆடியோ, கொஞ்சம் வீடியோ, ஒரு பி.டி.எஃப். மீன்காரரிடம் எப்படிப் பேரம் பேசுவது, ஆட்டோவை எங்கே நிறுத்தச் சொல்வது, மாஷி லீவு கேட்டால் என்ன பதில் சொல்வது – இதெல்லாம் தமிழர்களுக்காக. முதல் பாடமே 'ஏக்டு ஆஸ்தே போலூன்.' கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று அர்த்தம். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே கொல்கத்தாவில் பாதிப் பிழைப்பை ஓட்டிவிடலாம்.

நான் இங்கேயே பிறந்து, வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். அப்பா செக்டர் ஃபைவில் இட்லிக்கடை போட்டிருப்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். கடைக்கு எதிரே இருக்கும் கம்பெனியில்தான் எனக்கு வேலை. படித்த படிப்பைக் காசாக்க எனக்குக் கிடைத்த இரண்டாவது வழி இந்தக் கோர்ஸ்.

செய்து முடிப்பதில் சிரமம் இல்லை. விலை வைப்பதில்தான் தலை சுற்றியது.

அப்பாவிடம் கேட்டேன். "எம்புட்டு எடை வரும்?" என்றார்.

"எடையே கிடையாதுப்பா. போன்லயே போயிரும்."

"ஒண்ணு வித்தா உன்கிட்ட ஒண்ணு குறையும்ல?"

"குறையாது."

"ஆயிரம் வித்தா?"

"அப்பவும் குறையாது."

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "ஏதும் வில்லங்கமான யாவாரம் இல்லையேடா?"

முதலில் சிலருக்கு இலவசமாகக் கொடுத்தேன். "சூப்பர் ப்ரோ" என்றார்கள். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் தொண்ணூற்றொன்பது ரூபாய் வைத்தேன். வாங்கினார்கள், முதல் பாடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பிரியாணி விலைகூட இல்லாததை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

ஆபீஸ் நண்பன் அரிந்தமிடம் புலம்பினேன். அவன் வங்காளத்தில் பொரிந்ததைத் தமிழில் தருகிறேன்.

"தூர்! நூறு ரூபாய்க்கு எங்க பாஷையா? அசிங்கப்படுத்தாதே. நானூத்தித் தொண்ணூத்தொன்பது வை. அதுக்கு மேலே ஆயிரத்து ஐந்நூறுன்னு போட்டு ஒரு கோடு கிழி. யார் வித்துக் கொடுக்கிறாங்களோ அவங்களுக்குப் பாதி கொடு. உனக்குத்தான் ஒரு காப்பிக்கு ஒரு பைசா செலவில்லையே... பாதி போனா என்ன நஷ்டம்?"

கோடு கிழித்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். என் போனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆயிரத்து ஐந்நூறுக்கு எப்பய்யா வித்தே?"

"விக்கலம்மா."

"விக்காத வெலைய எதுக்கு அடிச்சுப் போட்டிருக்கே?"

அரிந்தமிடம் கேட்டேன். "எல்லாரும் போடுறாங்க" என்றான். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று. விலை ஏறியதும் வாங்கியவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். மீனாக்கா முழு விலை கொடுத்து வாங்கியவர். போட்ட காசை எடுத்தாக வேண்டும் என்று வீட்டு மாஷியை உட்கார வைத்துப் பேசிப் பேசிப் பழகினார். ஒருநாள் சந்தையில் மீன்காரரிடம் அரை மணி நேரம் வங்காளத்தில் சண்டை போட்டுவிட்டு எனக்கு போன் செய்தார். "டேய், ஜெயிச்சிட்டேன்டா!" இத்தனைக்கும் அவர் வீட்டில் மீன் சமைப்பதே இல்லை.

அதற்குப் பிறகு கோர்ஸ் வாங்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் "மீனாக்கா சொன்னாங்க" என்றுதான் வந்தார்கள்.

எனக்கு உறுத்தியது. ஒருவர் வாயால் எனக்குச் சம்பாத்தியம் வருகிறது. அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க வேண்டாமா? அவர் சொல்லி வந்தவர்கள் கட்டிய பணத்தில் சரிபாதியை அவர் எண்ணுக்கு அனுப்பி வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

நின்றேனா? இணையத்தில் ஒரு மார்க்கெட்டிங் ஆசாமி சொல்லியிருந்தார் – நன்றாக விற்றுத் தரும் அஃபிலியேட்டை எல்லார் முன்னாலும் பாராட்டுங்கள், மற்றவர்களுக்கும் ஆசை பிறக்கும் என்று. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு போஸ்டர் செய்தேன். மீனாக்காவின் படம். தலையில் கிரீடம். கீழே தங்க எழுத்தில், 'இந்த மாதத்தின் டாப் அஃபிலியேட்! கமிஷன் 50%!' அந்தக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். பாடத்தில் சந்தேகம் வந்தால் கேட்கலாம் என்று மீனாக்காதான் என்னை அதில் சேர்த்திருந்தார். போஸ்டரை அங்கே போட்டுவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

 கவிதா என்பவர் – குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர் – ஒரு வரி போட்டார்.

"அக்கா, போன மாசம் ஒரு டாக்டரைச் சொன்னீங்களே... அதுல எத்தனை பர்சென்ட்?"

கூடவே ஒரு சிரிப்பு பொம்மை.

"மாவுக்காரர் கிலோவுக்கு எவ்வளவு தர்றாரு?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஸ்கூல் வேனை இழுத்தார். எல்லாரும் பொம்மை போட்டுச் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்கு அடியில் ஒரு நிஜக் கேள்வியும் உட்கார்ந்திருந்தது இல்லையா?

மீனாக்கா குரூப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் கோயமுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து சாமான் இறக்கியதாம். அவர் கீழே போகவில்லையாம்.

இப்போது லிஃப்டுக்கு வருவோம். அடுத்த லிஃப்டைப் பிடித்து மேலே போய் மணி அடித்தேன். சுந்தரம் சார் கதவைத் திறந்தார்.

"வாப்பா, கிரீடக்காரா! நான் பேங்க்ல லோன் செக்‌ஷன் பாக்கிறவன். என் வீட்டுக்காரி படத்தைப் போட்டுக் கமிஷன் அம்பது பர்சென்ட்னு எழுதியிருக்கே. என்ன கமிஷன்னு எவன் விசாரிப்பான்? எங்க விஜிலென்ஸ்காரன் கண்ணுல பட்டுச்சுன்னா நான் போர்டு எழுதி மாட்டிக்கிட்டு உட்காரணும், இது லோனுக்கு வாங்கின கமிஷன் இல்லைன்னு."

"ஸாரி சார்..."

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? உள்ளே போய்ச் சொல்லு. ரெண்டு நாளா நானே காப்பி போட்டுக் குடிக்கிறேன். வாயில வைக்க முடியல."

மீனாக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். பார்த்த நாளிலிருந்து என்னை 'வாடா' என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"உங்க உழைப்புக்குத்தான்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன உழைப்பு? மூட்டை தூக்கினேனா? நல்லா இருந்துச்சு, நாலு பேருக்குச் சொன்னேன். நீங்க அதுக்குக் கூலி குடுத்திட்டீங்க."

"கூலி இல்லக்கா, கமிஷன்..."

"பேரு என்னவா இருந்தா என்ன? கவிதா பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிச்சப்ப, எம் பிள்ளைக்குப் பாக்குற டாக்டரைச் சொன்னேன். இப்ப எத்தனை பர்சென்ட்டுங்கறா. மறுபடி காய்ச்சல் வந்தா நான் சொல்றதக் கேட்டு ஓடுவாளா, இல்ல நெட்டைத் தோண்டிக்கிட்டு உக்காந்திருப்பாளா? அதச் சொல்லுங்க."



"குரூப்ல விளக்கம் போட்டிடுறேன்க்கா. உங்களுக்கு எதுவுமே தெரியாது, நானாத்தான் அனுப்பினேன்னு."

"அய்யய்ய, தொட்டுராதீங்க! விளக்கம் குடுக்கக் குடுக்கத்தான் வளரும். 'பாவம், வசமா மாட்டிக்கிட்டா'ம்பாளுக."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். நான் அனுப்பிய பணத்தை என் கண் முன்னாலேயே திருப்பி அனுப்பினார். என் சட்டைப் பையில் போன் மணி அடித்தது. காசு வந்து இவ்வளவு கூசிப்போனது எனக்கு அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் உங்களுக்கு என்னதான்க்கா செய்யறது? சும்மாவே வாங்கிக்கிட்டிருந்தா எனக்கும் ஒரு மாதிரி இருக்குல்ல?"

வெண்டைக்காய்க்குத் திரும்பினார்.

"எங்க ஊர்ல ஒருத்தரை ஜவுளிக்கடைக்கு அனுப்பினா என்ன சொல்லுவோம்? 'என் பேரைச் சொல்லுங்க, பாத்துக் குறைச்சுக் குடுப்பாரு'ம்போம். அவங்களும் போயிட்டு வந்து, 'உங்க பேரைச் சொன்னேன், குறைச்சாரு'ன்னு சொல்லுவாக பாரு... அந்தக் கெத்து உன் அம்பது பர்சென்ட்ல வருமாடா?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "அக்கா... உங்க பேரையே கோடா வெச்சிரட்டா?"

"கோடா?"

"கூப்பன் கோடுக்கா. பணம் கட்டுற எடத்துல மீனான்னு அடிச்சா வெலை குறைஞ்சிரும். உங்களுக்கு வர்ற பங்கு வாங்குறவங்களுக்கே போயிரும்."

கத்தி நின்றது. "என் பேரை அடிச்சாவா? எம்புட்டுக் குறையும்?"

"இருநூறு."

"பாதின்னு போட்டுத்தானடா கிரீடம் வெச்சே? இருநூத்தம்பது ஆக்கு."

மீன்காரர் ஏன் தோற்றார் என்று இப்போது புரிந்தது. ஹாலில் இருந்து சுந்தரம் சார் குரல் கொடுத்தார். "மீனாட்சின்னு முழுப் பேரா வைப்பா. மீனான்னா வேற எவளாச்சும் பங்குக்கு வந்திருவா!"

அன்றைக்கே மாற்றினேன். கோடு கிழித்துப் போட்டிருந்த ஆயிரத்து ஐந்நூறையும் தூக்கினேன். ஒருவர் பெயருக்காகக் குறைக்கும்போது, குறைவதாவது நிஜமாக இருக்க வேண்டாமா? போஸ்டரையும் நீக்கிவிட்டு, குரூப்பில் மொட்டையாக ஒரே வரி போட்டேன் – 'மீனாட்சி என்று அடித்தால் இனி பாதி விலை.' கிரீடம் இல்லை, ஆச்சரியக்குறிகூட இல்லை.

அரிந்தம் கேட்டான், "உனக்கு அப்பவும் பாதி, இப்பவும் பாதி. கணக்குல என்ன வித்தியாசம்?"

கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் வேடிக்கை.

கமிஷனே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வீடியோ சேனல் நடத்தும் ஒருவர், 'இதில் எனக்கும் பங்கு உண்டு' என்று வாய்விட்டுச் சொல்லித்தான் என் கோர்ஸை விற்றுத் தருகிறார். அவருக்குப் பாதி போகிறது, சந்தோஷமாகவே அனுப்புகிறேன். அது அவர் தொழில். ஆனால் பக்கத்து ஃபிளாட் அக்கா சொல்வது தொழில் இல்லையே? அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பதால்தானே நாம் அதை நம்புகிறோம்?

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "பேரைச் சொன்னவனுக்குப் பாதின்னா, சொல்லாதவன் ஏமாளியா?" என்றார். இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. மீனாட்சி என்று ஒருவரும் அடிக்கவில்லை. குரூப்பில் தண்ணீர் லாரி பற்றியும் லிஃப்ட் ரிப்பேர் பற்றியும் பேசினார்கள். மீனாக்கா மட்டும் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் போலிருக்கிறது, கெடுத்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு ஆர்டர் வந்தது. கோடு: மீனாட்சி. வாங்கியவர்: கவிதா.

பின்னாலேயே குரூப்பில் அவர் எழுதினார். "அக்கா, உங்க பேரைப் போட்டதும் பாதியா குறைஞ்சிருச்சு! அந்த டாக்டர்கிட்டயும் உங்க பேரைச் சொன்னா குறைப்பாரா?"

போஸ்டருக்குப் பிறகு மீனாக்கா குரூப்பில் எழுதிய முதல் வரி இது:

"சொல்லிப் பாரு. குறைக்கலைன்னா எனக்கு போனைப் போடு!"