மூன்று வீட்டு நானா

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நாங்கள் சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் வாடகைக்கு இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று குடித்தனம். தலைக்கு மேலே விமானம் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

எங்கள் பூர்வீகம் நாகூர்ப் பக்கம். அம்மாவை ‘உம்மா’ என்போம், அண்ணனை ‘நானா’ என்போம். எதிர் போர்ஷனில் தெலுங்குக் குடும்பம். அவர்களுடைய ஏழு வயதுப் பெண், கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, தன் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். மாடியில் இந்திக்காரர்கள். அந்த வீட்டுப் பேரனுக்கு, அம்மாவைப் பெற்ற தாத்தா ‘நானா’. வாசலில் யார் ‘நானா’ என்று குரல் கொடுத்தாலும் மூன்று ஆண்கள் எட்டிப் பார்ப்பார்கள். “யாரும்மா மோட்டாரை நிறுத்தாம விட்டது?” என்று வீட்டுக்காரம்மா சத்தம் போட்டால், “நானா?” என்று சுத்தத் தமிழில் கேட்டு நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

தங்கள் சொல் ‘நாயனா’விலிருந்து வந்தது, மெட்ராஸ் ‘நைனா’வும் அதன் பிள்ளைதான் என்று எதிர்வீட்டுக்காரர் பெருமையடிப்பார். எங்கள் நானா எங்கிருந்து கப்பலேறி வந்தது என்று எங்களுக்கே தெரியாது.

அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசிய எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் ஆபீஸில் மாரடைப்பில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் வழக்கம்போல், “நானா, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டுவிட்டேன். எதிரே படியில் உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தையின் முகம் மாறியதை உம்மா பார்த்துவிட்டார். “இனிமே வாசல்ல யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க. பாவம், பச்ச புள்ள” என்றார். அன்றிலிருந்து ‘அண்ணே’ ஆயிற்று. யாரோ கடைக்காரரைக் கூப்பிடுவது போலிருக்கும். நானாவும் பாதி நேரம் திரும்பியே பார்க்க மாட்டார். மாடி வீட்டுப் பேரனும் தாத்தாவைக் கூவி அழைக்காமல், இறங்கி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனான். இத்தனைக்கும் யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்து நானா துபாய்க்குக் கிளம்பினார். வாசலில் டாக்ஸி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அண்ணே, போன் பண்ணுங்க” என்றேன். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக் குழந்தை என் துப்பட்டாவை இழுத்தாள்.

“அக்கா, இப்பல்லாம் ஏன் நானான்னு கூப்பிட மாட்டேங்கறீங்க?”

நான் அவள் பக்கம் குனிந்தேன்.

“எங்க வீட்லயும் யாரும் சொல்றதில்ல. அம்மா அழுவாங்கன்னு நானும் சொல்றதில்ல. நீங்களாவது கூப்பிடுங்கக்கா. கேக்கணும் போல இருக்கு.”

டாக்ஸி நகர ஆரம்பித்திருந்தது. “நானா!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவளும் என்னோடு சேர்ந்து கத்தினாள். அவள் அம்மா கதவோரம் வந்து நின்று அழுதார். ஆனால் மகளைத் தடுக்கவில்லை.

இன்றும் துக்கம் விசாரிக்கப் போகும் வீடுகளில் நான் பேச்சை மாற்றுவதில்லை. போனவரைப் பெயர் சொல்லியே பேசுகிறேன், அதைக் காதால் கேட்க ஏங்கிக்கொண்டு யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்பதால்.