அவளே தட்டிய கடிதம்

சிங்கப்பூரில், செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் நானும் அவளும் ஒரே மாதம் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தோம். எழுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்காரர்கள் கடற்படைத் தளத்தை விட்டுப் போயிருந்தார்கள்; அந்த இடத்தில் புதுப்புது வேலைகள் வந்துகொண்டிருந்தன. ஆபீசில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர்தான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கும் ஒரே மாதா கோயில். பூசை முடிந்ததும் சிராங்கூன் ரோடு வரை நடப்போம். தோசை சாப்பிட்டுவிட்டு, தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு அவரவர் பஸ் ஏறுவோம். எனக்கு மகள் பிறந்தபோது ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக இருக்கச் சொல்லி அவளைத்தான் கேட்டேன். வேறு யாரையும் எனக்குத் தோன்றக்கூட இல்லை.

நான் பிள்ளை, சமையல், உட்லண்ட்ஸில் கிடைத்த புது வீடு என்று இருந்துவிட்டேன். அவள் மாலை வகுப்புகளுக்குப் போய்ப் படித்தாள். எண்பதுகளில் அவளை ஆபீஸ் நிர்வாகத்துக்குப் பொறுப்பாக்கி, கண்ணாடி அறை ஒன்றும் கொடுத்தார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கேசரி கிண்டி எடுத்துப்போய் எல்லாருக்கும் கொடுத்தேன்.

கேசரி டப்பாவை அவள் திருப்பித் தருவதற்குள் மெமோ வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்தும் நான் பேசிக்கொண்டிருந்தேனாம். என் கணவர் பெயருக்கு முன்னால் 'மிசஸ்' போட்டு ஆரம்பித்திருந்தாள். அந்தப் பெயரால் அவள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. தாளை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

"இதை வாயால சொல்லக் கூடாதா? கூப்பிட்டா கேக்குற தூரத்துலதானே உக்காந்திருக்கேன்?"

"உனக்கு மட்டும் வாயால சொன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க? இண்டியனுக்கு இண்டியன் ஃபேவர் பண்றான்னு சொல்வாங்க லா. பேப்பர்ல இருந்தா ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது."

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மேலே போன முதல் தமிழ்ப் பெண் அவள். அவளைத் தள்ளிவிடக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே மெமோதான். விசிறியை அணைக்க, கார்பன் தாளை மிச்சப்படுத்த, டெலிபோனில் சொந்தப் பேச்சைக் குறைக்க. அவள் பென்சிலால் கிறுக்கித் தருவதை நான்தான் சுத்தமாகத் தட்டிக் கொடுப்பேன். எனக்கு வரவேண்டியதையும் நானே தட்டுவேன். அவள் கையெழுத்துப் போட்டதும் மலாய்க்கார பியூன் அதைப் பழுப்பு உறையில் போட்டு, ஆபீசை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, என் மேசையிலேயே வைத்துவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அவள் பழைய ஆளாகவே இருந்தாள். மகளுக்கு ரிப்பன் வாங்குவாள், என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பாள். தாள் ஆபீசுக்கு, பேச்சு எங்களுக்கு என்று நான் மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டேன். தாளில் இருப்பது வேஷம், வாயில் வருவதுதான் அவள் என்று நம்பினேன்.

எண்பதுகளின் நடுவில் வேலை குறைந்தது. ஆள் குறைப்பு என்று கேன்டீனில் பேச்சு அடிபட்டது. பயத்தில் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மனுப் போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், வேலையும் கிடைத்தது. யோசித்துப் பதில் சொல்ல ஒரு வாரம் தந்தார்கள். அந்த ஞாயிறு தோசைக் கடையில் அவளிடம் சொன்னேன்.

"ஜூரோங்கா?" என்றாள். "உட்லண்ட்ஸ்லேர்ந்து தினமும் அங்க போய் வருவியா? பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா யார் பாத்துக்குவா?"

"இங்க ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு சொல்றாங்களே."

"சும்மா பேசுவாங்க லா. உனக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

இதைச் சொல்லும்போது தன் இலையிலிருந்த வடையைப் பிட்டு என் இலையில் வைத்தாள். திங்கட்கிழமை ஜூரோங்குக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு காலையில் அவள் அறையிலிருந்து டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. கதவு சாத்தியிருந்தது. அவள் தட்டுவதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. விட்டு விட்டுக் கேட்டது. மேலிடத்து விஷயம் ஏதோ, நான் பார்க்கக் கூடாதது போல என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் பியூன் உறையை வைத்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

வேலைக் குறைப்பு காரணமாக என் சேவை இனித் தேவையில்லை என்று இருந்தது. இரண்டு இடத்தில் தப்பாகத் தட்டி வெள்ளை மை பூசியிருந்தாள். நான் தட்டியிருந்தால் ஒரு பிசிறு இருந்திருக்காது. கையில் வாங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அழுகை பிறகுதான் வந்தது.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். அவள் எழுந்து நின்றாள்.

"இது எப்ப முடிவாச்சு?"

அவள் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினாள்.

"அன்னைக்குக் கடையில உக்காந்திருந்தோமே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேல ஆர்டர். சொன்னா என் வேலையும் போயிடும்."

"நீ சொல்லியிருக்க வேணாம். போகாதேன்னு ஏன் சொன்னே? உன் இஷ்டம்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிருக்கலாமே."

"உன் முகத்தைப் பாத்ததும் வாயில அப்படித்தான் வந்துச்சு. நீ பயந்துபோய் உக்காந்திருந்தே. என்னால தாங்க முடியல." கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் பார்ப்பதை ஓரக்கண்ணால் கவனித்துவிட்டு, குரலை மாற்றிக்கொண்டாள். "ஏதாவது கேக்கணும்னா ரைட்டிங்ல குடு. நான் மேல அனுப்பி வைக்கிறேன்."

நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. ஜூரோங்கில் கேட்டுப் பார்த்தேன்; ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். ரொம்ப நாள் அலைந்து கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு துணிக்கடையில் நின்றேன். ரவிக்கைத் துணி வெட்டும்போதெல்லாம் ஒன்றையே திருப்பித் திருப்பி நினைப்பேன். அவள் எனக்கு அனுப்பிய தாள்களில் ஒன்றில்கூடப் பொய் இருந்ததில்லை. கடைசிக் கடிதத்தில்கூட, அசிங்கமாகத் தட்டியிருந்தாலும், உள்ளதைத்தான் சொல்லியிருந்தாள். பொய் வந்தது நேருக்கு நேர் உட்கார்ந்திருந்தபோது, என் இலையில் வடையை வைத்துக்கொண்டு. முகத்தைப் பார்த்துப் பேசினால் உண்மை வந்துவிடும் என்று இத்தனை வருஷம் நம்பிக் கிடந்தவள் நான். இரக்கப்பட்டுத்தான் சொன்னாள், தெரியும். அந்த இரக்கம் என்னைத் துணிக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

மகளுக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு வந்தது; அதற்குப் பெரியவர் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். யார் உன் பின்னால் நிற்க வேண்டும் என்று கேட்டேன். ஞானத்தாய்தான் என்றாள் மகள்; தானே போன் செய்து கூப்பிட்டாள். ஞானத்தாய் பட்டுச்சேலை கட்டி வந்து, பீடத்துக்கு முன்னால் பிள்ளையின் தோளில் கையை வைத்து நின்றாள். பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்ததும் என்னிடம் வந்தாள்.

"இன்னும் எவ்வளவு நாளைக்கு இப்படி? ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது திட்டேன்."

கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. தோசைக் கடையிலும் அவள் நடிக்கவில்லையே. அதனால்தான் எனக்கு அவள் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்யத் தைரியம் வரவில்லை.

"ஹால்ல பிரியாணி இருக்கு. சாப்பிட்டுட்டுப் போ," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்து வைக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கிளம்பியிருந்தாள்.

பிறகு அவள் வேறு கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். மகளும் அவளும் மட்டும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது போனில் பேசிச் சிரிப்பார்கள். அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.